கடமான் பொய் சொல்லாது

(முதுமலையில் வனக்காப்பாளராக 1986-இல் வேலைக்குச் சேர்ந்து, 34 ஆண்டுகளுக்குப் பிறகு வனவராக ஓய்வு பெற்றவர் இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

மூன்று தடவை குடும்பத்தோடு முதுமலைக்கு வந்துவிட்டோம். வேனில் காட்டுக்குள் போய் நாங்கள் பார்த்தது மான், மயில், யானை லத்தி. 114 புலி இருக்கிறது என்று பேப்பரில் போடுகிறார்கள். எங்கே சார் அந்தப் புலிகள்?
— திண்டுக்கல் வாசகர்

கோபம் நியாயம்தான். மூன்று தடவை வேன் டிக்கெட், அறை வாடகை, திரும்பும்போது வாங்கிய ஊட்டி வர்க்கி எல்லாம் சேர்த்தால் பெரிய தொகை.

முதலில் ஒரு கணக்கு பார்ப்போம். வெளிவட்டத்தையும் சேர்த்தால் முதுமலைப் புலிகள் காப்பகம் 688 சதுர கிலோமீட்டர். 2022 கணக்கெடுப்பின்படி அதற்குள் 114 புலிகள். தோராயமாக ஆறு சதுர கிலோமீட்டருக்கு ஒன்று. உங்கள் வேன் போனது அதில் ஒன்றிரண்டு மண் தடங்களில்தான். தடத்தின் இரண்டு பக்கமும் உன்னிப் புதர். இருபது அடிக்கு மேல் கண் போகாது. புதருக்குள் புலி படுத்திருந்தால் உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். புலியை நேரில் பார்த்தால் தேதி, இடம், நேரம் குறித்துவிடுவேன். 34 வருஷத்தில் 53 தடவை. வருஷத்துக்கு இரண்டுகூடத் தேறவில்லை. நான் தினமும் காட்டுக்குள் நடந்தே போனவன். அது என்னைப் பார்த்தது எத்தனை தடவை என்பது அதன் நோட்டில்தான் இருக்கும்.

ராஜஸ்தானில் ரணதம்போர் போனவர்கள் ஒரே நாளில் இரண்டு புலி பார்த்தேன் என்பார்கள். பொய்யில்லை. அங்கே காடு வறண்டது, ஏரிக்கரை திறந்து கிடக்கிறது, ஜீப்பைப் பார்த்தே வளர்ந்த புலிகள். நம் காடு அப்படி இல்லை. இங்கே புலியைக் காதால்தான் தேட வேண்டும்.

அது எப்படி என்று சொல்கிறேன், நாலாவது தடவை வரும்போது உதவும். புலியோ சிறுத்தையோ நடமாடினால் மற்ற விலங்குகள் சத்தம் கொடுக்கும். ஆனால் எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி நம்பக் கூடாது. புள்ளிமான் இருக்கிறதே, அது ஊரில் வதந்தி கிளப்புகிறவர் மாதிரி. கீச்சென்று கத்தும். புலிக்கும் கத்தும், செந்நாய்க்கும் கத்தும், ஒன்று கத்தியதற்காக இன்னொன்றும் கத்தும். ஒருநாள் புள்ளிமான் சத்தத்தை நம்பி முக்கால் மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கடைசியில் புதரை விலக்கிக்கொண்டு வந்தது மசினகுடிப் பக்கத்து நாட்டு நாய். மந்தி கொஞ்சம் பரவாயில்லை. மர உச்சியில் உட்கார்ந்து கீழே பார்த்துக் 'கக்... கக்' என்று இருமும். அது எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி இருமுகிறது என்று பாருங்கள்.

கடமான் வேறு. சும்மா வாயைத் திறக்காது. 'டாங்க்' என்று ஒரு சத்தம், பழைய லாரி ஹாரனை ஒரே ஒரு தடவை அமுக்கிய மாதிரி. வால் மேலே நிமிர்ந்து நிற்கும், முன்னங்காலால் தரையைத் தட்டும். விட்டு விட்டு மறுபடி 'டாங்க்' வந்தால் அந்தப் பக்கத்தில் புலியோ சிறுத்தையோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கள் ஆட்கள், "கடமான் பொய் சொல்லாது" என்பார்கள்.

ஒருமுறை கார்குடிப் பக்கம் மாலை வேனில் வழிகாட்டியாகப் போயிருந்தேன். கடமான் கத்தியது. டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். இரண்டாவது தடவை கத்தியது, இன்னும் கிட்டே. இடது பக்கப் புல் அசைந்தது. வேனில் இருபது பேருக்கு மேல் இருந்தும் ஒரு சத்தம் இல்லை. அந்த நேரம் பார்த்துப் பின் சீட்டில் யாரோ சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தார்கள். அவ்வளவுதான், புல் அசைவது நின்றுவிட்டது. கொஞ்ச தூரம் தள்ளி, தடத்தின் ஓரத்தில் ஒரு வால் நுனி மட்டும் தெரிந்து மறைந்தது. முன் சீட்டில் இருந்த ஒரு பாட்டி மட்டும் பார்த்தார். "அது பூனை வால்டா" என்று பேரனிடம் சொன்னார். ஒரு வகையில் சரிதான்.

அதனால் அடுத்த தடவை தெப்பக்காட்டில் வேன் ஏறியதும் பேச்சை நிறுத்துங்கள். பாக்கெட்டை ஏறுவதற்கு முன்பே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

புலிகளை எப்படி எண்ணுகிறார்கள்? ஒரே புலியை இரண்டு தடவை எண்ண மாட்டார்களா?
— தாம்பரம் கல்லூரி மாணவர்

முன்பு எண்ணத்தான் செய்தோம் தம்பி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கால்தடக் கணக்குதான். புழுதியிலோ ஈர மண்ணிலோ நல்ல தடம் கிடைத்தால் அதன் மேல் ஒரு கண்ணாடிப் பலகையை வைத்து, ஸ்கெட்ச் பேனாவால் விளிம்பை வரைந்து, அதை அப்படியே தாளில் பிரதி எடுக்க வேண்டும். சில தடங்களுக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சும் எடுப்போம். குனிந்து குனிந்து முதுகு போய்விடும். நான் வரைந்தால் தடம் கொஞ்சம் பெரிதாக இருக்கும். கூட இருந்தவர் வரைந்தால் விரல்கள் ஒல்லியாக இருக்கும். ஆக, ஒரே புலி எங்கள் இருவர் தாளிலும் இரண்டு புலி ஆகிவிடும். மேலதிகாரிகளுக்கும் எண்ணிக்கை கூடினால் சந்தோஷம்.

அந்த முறையின் லட்சணம் ராஜஸ்தானில் சரிஸ்காவில் வெளிச்சத்துக்கு வந்தது. தாளில் புலிகள் இருந்தன, காட்டில் ஒன்றுகூட இல்லை. வேட்டைக்காரர்கள் மொத்தத்தையும் முடித்திருந்தார்கள். 2005-இல் அது தெரிந்தபோது நாடே அதிர்ந்தது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வந்தது அதற்குப் பிறகுதான். சரிஸ்காவுக்கு 2008-இல் ரணதம்போரிலிருந்து புலியை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் விட்டார்கள்.

இப்போது கேமரா. காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, புலி நடக்கிற தடத்தின் இரண்டு பக்கமும் எதிரெதிராக மரத்தில் முழங்கால் உயரத்தில் கட்டுகிறார்கள். ஏன் இரண்டு? புலியின் வலது விலாவில் உள்ள வரிகளும் இடது விலாவில் உள்ளவையும் வேறு வேறு. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் அதே புலி மறுபக்கத்தைக் காட்டும்போது புதுப் புலி ஆகிவிடும். நம் கைரேகை மாதிரி, ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு வராது. படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுப்பார்கள்.

இந்த முறையில் எடுத்த முதல் கணக்கு 2006-இல். நாடு முழுக்க 1,411 என்று வந்தது. வயிற்றில் புளியைக் கரைத்தது. 2022-இல் அது சராசரி மதிப்பீடாக 3,682 ஆனது. தமிழ்நாட்டில் மட்டும் 76 ஆக இருந்தது 306 ஆயிற்று.

கேமராவுக்கு எதிரி புலி இல்லை, யானை. கட்டிவிட்டு வந்தால் மறுநாள் பிடுங்கி மிதித்துவிட்டுப் போயிருக்கும். அதற்கு என்ன கோபமோ.

மசினகுடியில் ஓர் ஏஜென்ட், இரவு ஒன்பது மணிக்கு மேல் தனி ஜீப்பில் கூட்டிப்போய் நிச்சயம் புலி காட்டுவதாகச் சொன்னார். போகலாமா?
— கோவை வாசகி

போகாதீர்கள் அம்மா. காப்பகத்துக்குள் போவது வனத்துறை வண்டிதான். தனியார் ஜீப்புக்கு உள்ளே அனுமதி இல்லை. தெப்பக்காட்டிலிருந்து பந்திப்பூர் வழியாக மைசூர் போகிற சாலையையே இரவு 9 முதல் காலை 6 வரை மூடுகிறார்கள். பந்திப்பூர்ப் பகுதியில் 2009 முதல் அப்படித்தான். மூடுவதற்கு முன்னால் அந்தச் சாலையில் லாரியில் அடிபட்டுக் கிடந்த மான்களை எத்தனை விடியலில் ஓரமாக இழுத்துப் போட்டிருக்கிறேன். இரவில் ஸ்பாட் லைட் அடித்தால் விலங்குக்குக் கண் கூசி, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாது. குட்டி தாயை விட்டுப் பிரியும். மாட்டினால் ஜீப்காரருக்கு மட்டுமில்லை, உங்களுக்கும் வழக்கு.

"நிச்சயம் காட்டுகிறேன்" என்று எவர் சொன்னாலும், அவரிடம் 34 வருஷத்தில் 53 என்று சொல்லுங்கள்.

புலி எதிரில் வந்தால் என்ன செய்ய வேண்டும் அங்கிள்? மரத்தில் ஏறலாமா?
— ஏழாம் வகுப்பு மாணவன், கரூர்

உனக்கு மரம் ஏறத் தெரியுமா? தெரிந்தாலும் நீ ஏறி முடிக்கிறவரை அது காத்திருக்காது. ஓடாதே, அதுதான் முதல் விஷயம். ஓடுவதைத் துரத்துவது பூனைக்குப் பழக்கம். குனியாதே, உட்காராதே, உட்கார்ந்தால் நீ ஒரு மான்குட்டி உயரம் ஆகிவிடுவாய். முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு மெல்லப் பின்னால் நட. நூற்றில் தொண்ணூற்றொன்பது தடவை அது தானாகவே திரும்பிவிடும். நீ வேனுக்குள் இருந்தால் ஜன்னல் வழியாகக் கையை நீட்டாமல் உட்கார், போதும்.

நீங்களெல்லாம் புலியைப் பற்றிக் கதை சொல்கிறீர்கள். போன வருஷம் என் கறவை மாட்டைப் புலி அடித்தது. இழப்பீட்டுக்கு ஓர் அலுவலகத்துக்கு எட்டு மாதம் அலைந்தேன். எங்கள் உயிரைவிட புலி பெரிதா?
— கூடலூர் விவசாயி

ஐயா, இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பெரிதில்லை.

சீருடையில் இருந்தபோது உங்களைப் போன்றவர்கள் என் முன்னால் நிறைய பேர் நின்றிருக்கிறார்கள். மாடு செத்த வீட்டில் காலையில் பால் இல்லை, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டப் பணம் இல்லை. அந்த நேரத்தில் போய் "புலி இருந்தால்தான் காடு, காடு இருந்தால்தான் தண்ணீர்" என்று நான் பேசியிருந்தால் செருப்படி விழுந்திருக்கும். இழப்பீடு எட்டு மாதம் இழுத்தது தவறு. அது எந்த மேஜையில் தூங்கினாலும் தவறுதான். புலியை வெறுக்க வைப்பது புலி இல்லை, அந்தத் தாமதம்.

இனிமேல் இப்படி நடந்தால் (நடக்கக் கூடாது) செத்த மாட்டை நகர்த்தாதீர்கள். போனில் தேதியோடு போட்டோ எடுங்கள். அன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள், முடிந்தால் எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று கொடுக்காமல் கோப்பு நகராது. பல கோப்புகள் தேங்குவது அந்த ஒரு தாளுக்காக.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். சிலர் ஆத்திரத்தில் அடிபட்ட மாட்டின் மேல் பூச்சிமருந்தைத் தூவிவிடுகிறார்கள். புலி தான் அடித்ததைத் தின்ன மறுபடி வரும், அது தெரிந்துதான். ஆனால் வருவது அந்தப் புலிதான் என்று என்ன நிச்சயம்? குட்டிகளோடு வேறு புலி வரலாம். செந்நாய், கழுதைப்புலி, பாறு கழுகு எல்லாம் வரும். மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மரத்தில் கூடு கட்டுகிற வெண்முதுகுப் பாறு கழுகுகள் தென்னிந்தியாவில் மிச்சமிருப்பதே கொஞ்சம். ஒரு மாட்டில் வைத்த விஷம் ஒரு கூட்டத்தையே கொண்டுபோகும்.

மனிதனைக் கொன்ற புலி வேறு கதை. கூடலூர், மசினகுடிப் பக்கம் நான்கு பேரைக் கொன்றதே ஓர் ஆண் புலி, டி23 என்று பெயர், அதை 2021-இல் தேடியபோது நான் ஓய்வு பெற்று ஓராண்டு. வீட்டில் இருக்க முடியவில்லை. பழைய ஆட்கள் தினமும் போனில் சொல்வார்கள்: கும்கி யானை வந்திருக்கிறது, டிரோன் பறக்கிறது, மோப்ப நாய் வந்திருக்கிறது, இன்றைக்கும் ஏமாற்றிவிட்டது. ஒருநாள் மயக்க ஊசி பட்டும் இருட்டில் தப்பிவிட்டது. கொன்றுவிடு என்று ஊர் ஒரு பக்கம். உடனே கொல்ல வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் ஒரு பக்கம். மூன்று வாரம் தேடி, அக்டோபர் 15-ஆம் தேதி மயக்கிப் பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு அது கூண்டில்தான். அந்த மூன்று வாரமும் உங்கள் பக்கத்து ஆட்கள் மாடு மேய்க்கவும் தேயிலை பறிக்கவும் எப்படிப் போய் வந்திருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் தூக்கம் வராது. காட்டு வேலையில் நாங்கள் துப்பாக்கியோடு போனோம். அவர்களிடம் கவ்வாத்துக் கத்திதான்.

மசினகுடி சாலையோரத்தில் உன்னிப் பூ எவ்வளவு அழகு! அதைப் போய் வேரோடு பிடுங்குகிறார்களே, ஏன்?
— ஈரோடு வாசகி

அழகுதான். பூந்தோட்டத்துக்கு என்று வெளிநாட்டிலிருந்து வெள்ளைக்காரன் கொண்டுவந்த செடி அது. பறவை பழத்தைத் தின்று காடு முழுக்க விதைத்துவிட்டது. அது அடர்ந்த இடத்தில் புல் முளைக்காது. புல் இல்லை என்றால் புள்ளிமானும் காட்டெருமையும் இல்லை. ஒரு புலிக்கு வாரத்துக்கு ஒரு மான் என்று வைத்தால் வருஷத்துக்கு ஐம்பது மான் வேண்டும். அந்த ஐம்பதைக் கொடுக்கப் பின்னால் ஐந்நூறு மான் மேய்ந்துகொண்டிருக்க வேண்டும் என்பது காட்டில் சொல்கிற கணக்கு. காட்டுக்குள் மான் குறைந்தால் புலி எங்கே வரும்? மேலே கடிதம் எழுதிய கூடலூர்க்காரர் தொழுவத்துக்கு.

மஞ்சள் கொன்னையும் அப்படித்தான். சாலையில் போகும்போது காடே மஞ்சள் பூத்திருக்கிறது என்று வண்டியை நிறுத்திப் படம் எடுப்பீர்கள். நானும் முதலில் ரசித்தேன். இப்போது அந்த மரங்களை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். வெட்டினால் அடியிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். பட்டையை உரித்து, வேரைக் கிளறி, அடுத்த வருஷம் மறுபடி வந்து பார்க்க வேண்டும். உன்னியை இழுத்து இழுத்து என் உள்ளங்கையில் இருந்த முள் தழும்புகள் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை.

எந்த மாதம் வந்தால் நல்லது?
— மதுரை வாசகர்

பசுமை வேண்டும் என்றால் மழைக்குப் பிறகு, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. விலங்கு வேண்டும் என்றால் கோடை. தண்ணீர் வற்றும்போது எல்லாம் குட்டையைத் தேடி வரும். ஆனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீ பயம். சில வருஷம் அந்த நேரத்தில் சவாரியையே நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். எப்போது வந்தாலும் மாலையில் தெப்பக்காடு யானை முகாமில் கேழ்வரகு, கொள்ளு உருண்டை ஊட்டுவதைப் பாருங்கள். அது நிச்சயம் கிடைக்கும்.

புலி போன இடத்தில் சோறு வாசம் வரும் என்று என் தாத்தா சொல்வார். கட்டுக்கதையா?
— தஞ்சாவூர் வாசகி

கட்டுக்கதை இல்லை அம்மா. புலி தன் எல்லையைக் காட்ட மரத்தின் மேல் பின்பக்கமாகப் பீய்ச்சி அடிக்கும். அதில் இருக்கிற ஒரு பொருள்தான் பாசுமதி அரிசிக்கும் பிரியாணியில் போடுகிற ரம்பை இலைக்கும் வாசம் கொடுப்பது. ஆராய்ச்சி செய்து நிரூபித்துவிட்டார்கள்.

எனக்கு அது வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தெரிந்தது, ஆராய்ச்சி இல்லாமல். விடியற்காலை ஐந்தரை மணி. என் முன்னால் ஒரு காட்டுநாயக்கர் பழங்குடிக் காவலர், என்னைவிட இருபது வயது மூத்தவர், நடந்துகொண்டிருந்தார். பனியில் எதுவும் தெரியவில்லை. திடீரென்று நல்ல பச்சரிசிச் சோறு வடிக்கிற வாசம். முந்தின இரவு சரியாகச் சாப்பிடவில்லை, வயிறு கிள்ளியது.

"அண்ணா, யாருண்ணா இந்தக் காட்டுக்குள்ள இந்நேரத்துல சோறு வடிக்கிறாங்க?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு வேங்கை மரத்தின் அடிமரத்தைக் காட்டினார். என் இடுப்பு உயரத்துக்குப் பட்டை நனைந்திருந்தது. புறங்கையை அதன் கிட்டே கொண்டுபோனார், தொடாமல்.

"இன்னும் சூடு ஆறல தம்பி. பேசாம வா" என்றார்.